பைபாஸும் வால்வும் ஒரே நாளில்... அப்பா தாங்குவாரா?

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அம்பத்தூர் மார்க்கெட்டுக்கு நடந்தே போய் இரண்டு பை நிறையக் காய்கறி தூக்கி வந்தவர், இப்போது தெருமுனை டீக்கடைக்குப் போவதற்குள் ஒருமுறை நின்று நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். ‘வாயுத் தொல்லைதான்’ என்று தீர்ப்பும் அவரே சொல்லிவிடுகிறார். பெருங்காயம், சோடா, இஞ்சிச் சாறு என்று நான்கு மாதம் ஓடுகிறது. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஈ.சி.ஜி., எக்கோ, ஆஞ்சியோ என்று வரிசையாகப் பரிசோதனைகள் நடக்கின்றன.

கடைசியில் டாக்டர் சொல்கிறார்: “வால்வு சுருங்கியிருக்கு. ரத்தக்குழாய்கள்ல அடைப்பும் இருக்கு. வால்வையும் மாத்தணும், பைபாஸும் பண்ணணும். ரெண்டையும் ஒரே ஆபரேஷன்ல முடிச்சிடலாம்.”

அறைக்கு வெளியே வந்ததும் குடும்பத்தில் எல்லோர் மனதிலும் ஒரே கேள்வி. “ஒண்ணு பண்ணாலே பெரிய ஆபரேஷன். ரெண்டையும் ஒண்ணா பண்ணா அப்பா தாங்குவாரா?”

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் பல வீடுகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் தெளிவான பதில் உண்டு. அதைப் புரிந்துகொண்டால், பயத்திலேயே கழியும் நாட்களைத் தயாராவதற்குப் பயன்படுத்தலாம்.

ஒரே இதயத்தில் இரண்டு கோளாறு ஏன்?

இதயத்தை ஒரு வீட்டின் மோட்டார் பம்பாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நான்கு வால்வுகள், ரத்தம் ஒரே திசையில் போவதற்கான கதவுகள். பம்பின் தசைக்கே ரத்தம் கொண்டுவருபவை, அதன் மேற்புறம் ஓடும் கரோனரி ரத்தக்குழாய்கள். கதவு பழுதானால் வால்வு நோய். குழாய் அடைத்தால் மாரடைப்பு.

வயதானவர்களுக்கு அதிகம் பழுதாவது, இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் உள்ள அயோர்டிக் வால்வு. அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து, கதவு கெட்டியாகித் திறக்க மறுக்கும். குழாயில் கொழுப்பு படியக் காரணமான வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகை எல்லாமே இந்த வால்வையும் கெடுக்கக்கூடியவை. அதனால்தான் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன.

நம் ஊரில் இன்னொரு வகையும் உண்டு. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், மைட்ரல் வால்வைப் பாதித்துவிடும். பல வருடம் கழித்து அந்த வால்வு முற்றிலும் பழுதாகும்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். ரத்தக்குழாயிலும் அடைப்பு சேர்ந்திருக்கும். வால்வு அறுவைக்கு முன்பு, நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு டாக்டர்கள் ஆஞ்சியோ எடுக்கச் சொல்வது இதைத் தெரிந்துகொள்ளத்தான். ‘வால்வுக்குப் போனவரிடம் புதுசா அடைப்புன்னு சொல்றாங்களே’ என்று சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஒன்றை இப்போது, மற்றதை அப்புறம் செய்யக் கூடாதா?

பெரும்பாலும் கூடாது. வால்வை மட்டும் மாற்றிவிட்டு அடைப்பை விட்டால், அறுவையின்போதே இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் மாரடைப்பு வரலாம். பைபாஸ் மட்டும் செய்துவிட்டு சுருங்கிய வால்வை விட்டால், மூச்சுத் திணறல் தொடரும். சில வருடத்தில் நெஞ்செலும்பை மறுபடியும் திறக்க வேண்டிவரும். இரண்டாவது முறை திறப்பது முதல் முறையைவிடச் சிக்கலானது. உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் அறுவையில் தைத்த பைபாஸ் குழாய்களும் குறுக்கே நிற்கும்.

ஒரே அறுவையில் என்ன நடக்கிறது? நெஞ்செலும்பைத் திறந்து, உடலின் ரத்த ஓட்டத்தை இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு மாற்றுகிறார்கள். இதயத்துக்குக் குளிர்ந்த பொட்டாசியக் கரைசலைச் செலுத்தி ஓய்வு கொடுக்கிறார்கள். வழக்கமாக, காலிலிருந்து எடுத்த சிரைகளை முதலில் அடைப்புக்கு அப்பால் தைப்பார்கள். (‘கால்ல இருந்து நரம்பு எடுத்தாங்க’ என்று நாம் சொல்வது உண்மையில் இந்த ரத்தக்குழாயைத்தான்.) பிறகு பழைய வால்வை வெட்டியெடுத்துப் புதியதைப் பொருத்துவார்கள். கடைசியாக, மார்பின் உள்பக்கம் ஓடும் தமனியை இதயத்தின் முன்பக்கக் குழாயில் இணைப்பார்கள்.

இரண்டு வேலை என்பதால் இதயம் நின்றிருக்கும் நேரமும், இயந்திரத்தில் ஓடும் நேரமும் கூடுகின்றன. ஆபத்து கொஞ்சம் கூடுவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், இரண்டு நோய் உள்ளவரின் உடல் ஏற்கெனவே அதிகம் களைத்திருக்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் இதய அறுவை நிபுணர்கள் சங்கம் லட்சக்கணக்கான அறுவைகளின் முடிவுகளைப் பல வருடங்களாகத் தொகுத்துவருகிறது. அதன்படி, பைபாஸ் மட்டும் செய்துகொண்டவர்களில் 100-க்கு சுமார் 2 பேர் அறுவையை ஒட்டிய நாட்களில் இறக்கிறார்கள். அயோர்டிக் வால்வை மட்டும் மாற்றினாலும் ஏறக்குறைய அதே அளவுதான். அயோர்டிக் வால்வும் பைபாஸும் சேர்ந்தால் சுமார் 4 பேர். அதாவது 100-க்கு 96 பேர் அந்தக் கட்டத்தைத் தாண்டுகிறார்கள்.

மைட்ரல் வால்வை மாற்றுவதோடு பைபாஸும் சேர்ந்தால் கணக்கு மாறுகிறது. 100-க்கு சுமார் 10 பேர். வால்வை மாற்றாமல் பழுதுபார்க்க முடிந்தால் அது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. இந்தக் கூட்டத்தில் பலருக்கு, மாரடைப்பால் இதயத் தசையே பலவீனமாகி, அதனால் வால்வு ஒழுகத் தொடங்கியிருக்கும். தளர்ந்துபோன பம்பில் வேலை செய்வதால்தான் ஆபத்து அதிகம். எனவே ‘வால்வும் பைபாஸும்’ என்று கேள்விப்பட்டதும் பக்கத்து வீட்டுக்காரரின் கதையோடு ஒப்பிடாதீர்கள். எந்த வால்வு, இதயத்தின் பம்பிங் சக்தி எவ்வளவு என்பதை முதலில் கேளுங்கள்.

4 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் பயமாக இருக்கும். எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். கடுமையாகச் சுருங்கிய அயோர்டிக் வால்வால் மூச்சுத் திணறல், மயக்கம் போன்ற அறிகுறிகள் தொடங்கிய பிறகு வால்வை மாற்றாமலே விட்டால், இரண்டு வருடத்துக்குள் சுமார் பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள். அதை மாத்திரையால் திறக்க முடியாது. ‘இப்போதைக்கு மருந்து சாப்பிட்டுப் பார்க்கலாம்’ என்பது பாதுகாப்பான வழிபோலத் தோன்றும். உண்மையில் அதிக ஆபத்து அதில்தான்.

உங்கள் வீட்டு எண் எது?

சராசரி எண் யாரோ ஒருவருடையது. உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆபத்து எவ்வளவு என்பதைக் கணக்கிட யூரோஸ்கோர்-2 போன்ற கணிப்பு முறைகளை இதய அறுவை நிபுணர்கள் பயன்படுத்துகிறார்கள். வயது, சிறுநீரகத்தின் நிலை, பம்பிங் சக்தி, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறாரா, நுரையீரல் நோய் உண்டா, சமீபத்தில் மாரடைப்பு வந்ததா, முன்பு இதய அறுவை நடந்ததா, நிதானமாகத் திட்டமிட்ட அறுவையா, அவசர அறுவையா... இத்தனையையும் சேர்த்து ஒரு சதவிகிதம் வரும்.

அறுவைக்குச் சம்மதக் கையெழுத்து போடுவதற்கு முன்பு குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

“இவருக்கு ஆபத்து எத்தனை சதவிகிதம்? அது கூடியிருந்தால் எதனால்?”

“இந்த மருத்துவமனையில் இதுபோன்ற சேர்ந்த அறுவைகள் வருடத்துக்கு எத்தனை நடக்கின்றன, முடிவுகள் எப்படி?”

“ஆபத்தைக் குறைக்க, அறுவைக்கு முன்பு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?”

“நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாக வால்வு வைத்து, அடைப்புக்கு ஸ்டென்ட் போடும் முறை இவருக்குப் பொருந்துமா?”

தொடை வழியாக வால்வு வைக்கும் முறையை 2002-ல் பிரான்சில் டாக்டர் அலன் கிரிபியே முதன்முதலாகச் செய்தார். மிகவும் வயதானவர்களுக்கும், அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கும் இது நல்ல மாற்று. செலவு அதிகம். பல குழாய்களில் சிக்கலான அடைப்பு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அறுவையே ஏற்றது.

மூன்றாவது கேள்விக்கான பதிலில் குடும்பத்தின் பங்கு பெரியது. புகையை உடனே நிறுத்துவது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, ரத்தசோகையைச் சரிசெய்வது, சொத்தைப் பல் இருந்தால் முன்கூட்டியே வைத்தியம் பார்ப்பது, மூச்சுப் பயிற்சி. அறுவைக்காகக் காத்திருக்கும் நாட்களில் இவை எல்லாமே பலன் தரும். நெஞ்சுவலி அதிகமாகி நள்ளிரவில் ஆம்புலன்ஸில் போய்ச் செய்துகொள்ளும் அவசர அறுவையில், இதே ஆளுக்கு இதே அறுவையின் ஆபத்து பல மடங்கு கூடும்.

ரயில் பாதை ஓரமாக ஒரு வரலாறு

இன்று 100-க்கு 96 என்று பேச முடிவதற்குப் பின்னால் நீண்ட உழைப்பு இருக்கிறது. அதில் ஒரு பகுதி, ஆவடி-சென்ட்ரல் மின்சார ரயிலில் போகிறவர்கள் தினமும் கடக்கும் பெரம்பூரில் நடந்தது. 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவையைச் செய்தார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் டாக்டர் ரெனே ஃபவலோரோ 1967-ல் கால் சிரையை வைத்து பைபாஸ் செய்து காட்டி எட்டே வருடங்கள் ஆகியிருந்தன. செரியன் பிறகு மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் இதய மையத்தை உருவாக்கினார். அம்பத்தூருக்குப் பக்கத்திலேயே உள்ள முகப்பேர், இதய சிகிச்சைக்கு நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் தேடி வரும் இடமாக ஆனது. செரியன் 2025 ஜனவரியில் காலமானார்.

வால்வுக்கும் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வால்வை வாங்க முடியாத ஏழை நோயாளிகளுக்காக, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையிலான குழு உள்நாட்டு வால்வு ஒன்றை உருவாக்க முனைந்தது. முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது வென்றது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் தயாரிக்கும் இந்த ‘சித்ரா’ வால்வு, இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான இதயங்களுக்குள் துடித்திருக்கிறது.

செலவுக்கு என்ன வழி?

ஆவடியிலோ அம்பத்தூரிலோ ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே இதய அறுவைப் பிரிவு உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு கிடைக்கிறது. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் பயன்படுத்தலாம்.

அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுக வேண்டும். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு அது திருவள்ளூர். 2018-ல் அம்பத்தூர் தாலுகா சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால், அம்பத்தூர்க்காரர்கள் சென்னை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட் போன்ற இடங்களில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள வேலையில் மகனோ மகளோ இருந்தால், அவர்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு அந்த வழியிலும் சிகிச்சை கேட்கலாம். அறுவை நாள் குறிப்பதற்கு முன்பே இந்தக் காகித வேலையை முடித்துவிடுங்கள்.

உலோகமா, திசுவா?

வால்வு இரண்டு வகை. உலோக வால்வு உழைப்பில் கெட்டி, பல பத்தாண்டுகள் தாங்கும். ஆனால் அதன்மேல் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டும். மாட்டின் அல்லது பன்றியின் திசுவில் செய்த வால்வுக்கு அப்படி வாழ்நாள் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் 10 முதல் 15 வருடத்தில் அது தேய்ந்துபோகலாம். இளம் வயதினருக்கு இன்னும் சீக்கிரம் தேயும்.

பொதுவாக 50 வயதுக்குக் கீழே உலோகம், 65-க்கு மேலே திசு. இடைப்பட்டவர்கள் டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போக முடியுமா, மாத்திரையைத் தவறாமல் சாப்பிடும் ஆளா, ரத்தக் கசிவு வரக்கூடிய வேறு நோய் உண்டா, மகள் என்றால் இனி குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா... இவற்றையெல்லாம் மறைக்காமல் சொன்னால்தான் சரியான வால்வு கிடைக்கும்.

ஐ.சி.யூ. முதல் ஆறு வாரம் வரை

அறுவை முடிந்த மறுநாள் பார்க்கப்போகும் குடும்பத்தை இரண்டு விஷயங்கள் பயமுறுத்தும். ஒன்று, அவர் சம்பந்தமில்லாமல் பேசலாம். ‘ரயில் வந்துடுச்சு, பையை எடு’ என்பார். இரவு பகல் தெரியாத ஐ.சி.யூ.வில், மயக்க மருந்துக்குப் பிறகு வயதானவர்களுக்கு இப்படிக் குழப்பம் வருவது உண்டு. பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். கண்ணாடி, காது கேட்கும் கருவி, பழகிய குரல் மூன்றும் சீக்கிரம் கிடைத்தால் நல்லது.

இரண்டாவது, இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுவது. பைபாஸுக்குப் பிறகு இது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது. வால்வும் சேர்ந்தால் பாதிப் பேர் வரைகூட வரலாம். மருந்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். பக்கவாதமும் சிறுநீரகப் பாதிப்பும் சிலருக்கு வருகின்றன. முன்பே சிறுநீரகம் பலவீனமானவர்களிடம் டாக்டர்கள் கூடுதல் கவனமாக இருப்பது அதனால்தான்.

வெட்டிச் சேர்த்த நெஞ்செலும்பு ஒட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. பைக் ஓட்டக் கூடாது, பள்ளம் மேடான ரோட்டில் பின்னால் உட்கார்ந்து போவதும் வேண்டாம். இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். நடை மட்டும் முதல் வாரத்திலிருந்தே வேண்டும். வீட்டுக்குள், பிறகு வாசல் வரை, பிறகு தெருமுனை வரை. பலருக்குச் சில வாரங்கள் மனம் சோர்ந்துபோகும், தூக்கம் வராது, சின்ன விஷயத்துக்கும் கண் கலங்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஐ.என்.ஆர். நோட்டு

வீடு திரும்பிய பிறகான வருடங்கள் எப்படிப் போகும் என்பது, உலோக வால்வு வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு சின்ன நோட்டில் இருக்கிறது. வார்ஃபாரின் அல்லது ஆசிட்ரோம் மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்பதைச் சொல்லும் எண்தான் ஐ.என்.ஆர். மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். உலோக அயோர்டிக் வால்வு வைத்தவருக்கு வழக்கமாக 2 முதல் 3 வரையும், மைட்ரல் வால்வுக்கு 2.5 முதல் 3.5 வரையும் இருக்க வேண்டும். உங்கள் டாக்டர் எழுதிக்கொடுக்கும் அளவே உங்களுக்குச் சரியானது. எண் குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். கூடினால் ரத்தக் கசிவு வரலாம்.

கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. இந்த வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாறி மாறிச் சாப்பிடுவதுதான் சிக்கல். ஒரே அளவாகச் சாப்பிட்டால் மாத்திரையின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, காய்ச்சலுக்குப் பழைய சீட்டைக் காட்டி வாங்கும் ஆன்டிபயாட்டிக், யாரோ சொன்ன லேகியம் மூன்றும் இந்த எண்ணைத் தலைகீழாக்கக் கூடியவை. எதைச் சாப்பிடும் முன்பும் கேட்க வேண்டும்.

பல் பிடுங்கப் போனால் ‘வால்வு மாற்றியிருக்கிறோம்’ என்று முதலிலேயே சொல்ல வேண்டும். ஈறு வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் தொற்றிக்கொள்ளலாம், அதைத் தடுக்க முன்கூட்டியே மருந்து தருவார்கள். காரணமில்லாமல் விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தாலும் இதய டாக்டரிடம்தான் முதலில் போக வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். வாய் கோணினாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108.

பைபாஸ் குழாய்களுக்கும் பராமரிப்பு உண்டு. மார்புத் தமனியில் போட்ட பைபாஸ் பத்து வருடம் கழித்தும் 100-க்கு 90 பேருக்கு மேல் திறந்தே இருக்கிறது. கால் சிரைகளில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடைத்துவிடலாம். கொலஸ்ட்ரால் மாத்திரை, டாக்டர் சொல்லும் ஆஸ்பிரின், சர்க்கரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு ஆகியவை அந்த அடைப்பைத் தள்ளிப்போடுகின்றன. ‘ஆபரேஷன்தான் ஆயிடுச்சே’ என்று மாத்திரையை நிறுத்துபவர்கள், சில வருடத்தில் அதே ஆஞ்சியோ மேஜைக்குத் திரும்பி வருகிறார்கள்.

‘அப்பா தாங்குவாரா?’ என்று கேட்கும் குடும்பம் இனி இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கலாம்: ‘தாங்குவதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’ அறுவை அரங்கில் டாக்டர்களுக்குச் சில மணி நேர வேலை. அதற்கு முன்னும் பின்னும் வேலை வீட்டில்தான். நோட்டில் அடுத்த பரிசோதனைத் தேதியை எழுதி, அதை எல்லோர் கண்ணிலும் படும்படி காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டுவதும் அந்த வேலைதான்.